குறைந்தபட்ச ஊதியம் கேட்டு என் தாயார் தொடுத்த மனு

என் தாயார் தனியார் மருத்துவமனை ஒன்றில், ஒப்பந்ததாரரின் கீழ்த் தூய்மைப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தார். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தைவிட மாதந்தோறும் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் குறைவாகவே அவருக்குக் கிடைத்துவந்தது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 20ஆம் பிரிவின்கீழ் மனு செய்து அந்த வித்தியாசத்தைப் பெற்றோம். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போதுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பு நடந்தது இது. ஆனாலும் ஆதாரம் திரட்டும் வழி பெரிதும் மாறவில்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

சட்டப்படியான ஊதியம் எவ்வளவு என்று அறிவதே முதல் தடையாக இருந்தது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி அரசாணை உண்டு. அதில் இருப்பது அடிப்படை ஊதியம். அதன்மேல் சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும் பஞ்சப்படியையும் சேர்த்தால்தான் முழுத் தொகை தெரியும். இந்த விவரத்தை வேலையிடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அம்மா வேலை செய்த இடத்தில் அப்படி எந்தப் பலகையும் இருக்கவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவர் பொறுமையாகக் கணக்கிட்டுக் காட்டினார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்தது ஆதாரம். சம்பள ரசீது தரப்படவில்லை. தொகை எழுதப்படாத பதிவேட்டில்தான் கையெழுத்து வாங்கினார்கள். எங்களுக்கு வழி திறந்தது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்கு. அம்மாவின் காப்பீட்டு எண்ணைக் கொண்டு இணையத்தில் பார்த்தபோது, ஒவ்வொரு மாதத்துக்கும் வேலை நாட்களும் ஊதியமும் பதிவாகியிருந்தன. மாதம் முழுவதும் வேலைக்குச் சென்றவருக்கு இருபது நாட்கள் மட்டுமே வேலை செய்ததாகக் காட்டியிருந்தார்கள். கொடுத்த தொகையை இருபதால் வகுத்தால், அரசு நிர்ணயித்த நாள் ஊதியம் காசு பிசகாமல் வந்தது. ஊதியத்தைக் குறைத்ததாகத் தெரியாமல், நாட்களைக் குறைத்துக் கணக்கைச் சட்டத்துக்குள் அடக்கியிருந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பணியமர்த்தும் பல இடங்களில் இதுவே வழக்கம் என்று பின்னர் தொழிற்சங்கத்தினர் சொல்லக் கேட்டேன்.

எனவே, எங்கள் வழக்கு ஊதிய விகிதத்தைப் பற்றியதாக இல்லாமல், வேலை செய்த நாட்களைப் பற்றியதாக மாறியது. மருத்துவமனைக் கழிவறைகளில் சுத்தம் செய்த நேரத்தைக் குறித்துப் பணியாளர் கையெழுத்திடும் தாள் ஒன்று தொங்கும் அல்லவா, அந்தத் தாள்களில் ஒவ்வொரு ஷிப்டிலும் அம்மாவின் கையெழுத்து இருந்தது. அவற்றைச் சமர்ப்பிக்க மருத்துவமனைக்கு உத்தரவிடுமாறு கேட்டோம். ஆவணங்களை வரவழைப்பதில் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி விசாரணை அதிகாரிக்கும் இருந்தது. ஒப்பந்ததாரர் ஊதியம் கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது ஒப்பந்ததாரர் வழியாக வேலை வாங்கும் நிறுவனமே, அதைக் கொடுத்தாக வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அப்போது கூறியதால், மருத்துவமனையையும் எதிர்மனுதாரராகச் சேர்த்திருந்தோம்.

அம்மாவால் தனியாக வாதிட இயலாது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. விசாரணை அதிகாரியின் அனுமதி பெற்று வேறொருவர் தொழிலாளிக்காக மனு செய்யலாம் என்று பழைய சட்டத்தின் 20ஆம் பிரிவில் ஒரு வழி இருந்தது. அதன்படி மகளான நான் ஆஜரானேன். வாய்தாக்களால் விசாரணை நீண்டது. "பேசிய சம்பளத்துக்குச் சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தார்" என்பதே எதிர்த்தரப்பின் முதன்மையான வாதம். குறைந்தபட்ச ஊதிய உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னதை எடுத்துக் காட்டினேன். குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் எழுதிக் கொடுத்தேன். பசியும் வறுமையும் துரத்த, வேறு வழியின்றி ஒருவர் தரும் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்ற காலவரம்பு எங்களைப் பெரிதும் பாதித்தது. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க இடம் இருந்தது; ஆயினும் முந்தைய ஆண்டுகளில் ஒரு பகுதிக்கு மட்டுமே அந்த மன்னிப்பு கிடைத்தது. வித்தியாசத் தொகையும் அதற்குச் சமமான இழப்பீடும் வழங்க உத்தரவாயிற்று. பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கச் சட்டம் இடம் தந்திருந்தது.

அம்மாவுடன் வேலை செய்த மற்றவர்கள் வேலை போய்விடும் என்று அஞ்சி மனுவில் சேரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளாக இந்த வேலைக்கே தள்ளப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள். குறைந்தபட்ச ஊதிய மசோதாவை 1946இல் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர், அப்போது தொழிலாளர் துறைப் பொறுப்பு வகித்த அம்பேத்கர். பேரம் பேசும் வலிமையற்றவர்களின் பக்கம் அரசு நிற்க வேண்டும் என்பதற்காக வந்த சட்டத்தில், தொழிலாளர் துறை ஆய்வாளர் தாமாகவே மனு செய்யலாம் என்ற வழியும் இருந்தது. அந்த ஆய்வாளர் ஒருமுறை இ.எஸ்.ஐ. கணக்கையும் கழிவறைத் தாள்களையும் ஒப்பிட்டிருந்தால், அத்தனை பேருக்கும் ஊதியம் கிடைத்திருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலில் உள்ளது. காலவரம்பு மூன்று ஆண்டுகளாக உயர்ந்திருக்கிறது. ஊதியம் கொடுக்கப்பட்டதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலையளிப்பவருக்கு வந்திருக்கிறது. இவை இரண்டும் உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் மனு செய்யக்கூடியவர்களாக அதில் குறிப்பிடப்பட்டிருப்போர் தொழிலாளி, அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற தொழிற்சங்கம், ஆய்வாளர் ஆகியோரே. அதிகாரியின் அனுமதி பெற்று வேறொருவர் மனு செய்யும் பழைய வழி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, ஒப்பந்தப் பணியில் இருப்பவர்கள் பிரச்சினை எழும் முன்பே சங்கத்தில் உறுப்பினராகி, இ.எஸ்.ஐ. கணக்கில் எத்தனை நாட்கள் பதிவாகின்றன என்பதை மாதந்தோறும் பார்த்து, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.