கீழக்கரைக் கைமெஷின்

ராமநாதபுரம் கடற்கரையில் பழைய தையல் மெஷின் தேடிப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது துருவைத்தான். கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் காற்றோடு உப்பு வந்துவிடுகிறது. கறுப்புப் பூச்சு உள்ள உடம்பு தாக்குப்பிடிக்கும். ஊசித் தண்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட், ஊசித் தகடு, கைச்சக்கரத்தின் விளிம்பு என்று நிக்கல் உரிந்த இடங்கள்தான் முதலில் போகும்.

அப்படியும் நான் இந்தப் பக்கம் திரும்பத் திரும்ப வரக் காரணம் கொழும்பு. கீழக்கரை வணிகர்களுக்கும் இலங்கைக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் உண்டு. 1914-இல் பாம்பன் பாலம் வந்தபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை அந்தப் போக்குவரத்து நடந்தது. ஊர் திரும்பியவர்கள் கொண்டுவந்த சாமான்களில் கைமெஷினும் இருந்திருக்கிறது.

ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரைக்கு பஸ். இறங்கி இரண்டு தெரு நடந்தால் நண்பர் சொன்ன வீடு. வயதான அம்மா வாசலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "விக்கிறதுக்கு இல்ல தம்பி. வாப்பா கொழும்புல இருந்து கொண்டு வந்தது. ஓட வச்சுத் தாங்க, போதும்."

"சரிம்மா" என்றேன். வாங்குவதைவிட ஓட வைப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம்.

மரப்பெட்டியைத் திறந்தால் சிங்கர் 28கே மாடல். அடித்தட்டின் வலது ஓரத்தில் 'ஒய்' என்று தொடங்கும் எண். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் 1920-களிலும் 30-களின் முற்பாதியிலும் செய்தவற்றுக்கு அந்த எழுத்துதான். அந்தத் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. ஆனால் அந்த ஊரில் 'சிங்கர்' என்ற பெயரில் ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது. என்றாவது ஒருநாள் அங்கே போய் இறங்க வேண்டும்.

மெஷின் இம்மிகூட அசையவில்லை. கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழைத் தளர்த்தினேன். சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றியது, தண்டு சுற்றவில்லை. அப்படியென்றால் இறுக்கம் உள்ளே. துரு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். முகத்தகட்டைக் கழற்றினால் உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின். மெஷின் எண்ணெய் கைக்குக் கிடைக்காதபோது நல்லெண்ணெய் விட்டிருக்கிறார்கள், அது காய்ந்து இறுகிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. துரு இரும்பைத் தின்றுவிடும், பிசின் தின்னாது. இத்தனை வருஷம் உப்புக் காற்று உள்ளே போகாமல் காத்ததும் அதுதான்.

அந்த அம்மாவின் பேத்தியிடம் ஹேர் டிரையரை வாங்கி முதலில் நன்றாகச் சூடு காட்டினேன். அதை அணைத்து, இரும்பு ஆறியபிறகுதான் மண்ணெண்ணெய். எல்லா எண்ணெய்த் துளைகளிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, குமிழைத் திரும்ப இறுக்கி, சக்கரத்தை முன்னும் பின்னும் மயிரிழை அளவு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பலம் காட்டினால் ஏதாவது உடையும். டீ வந்தது, அப்புறம் சாப்பாடு வந்தது. மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்துச் சக்கரம் கால் சுற்று நகர்ந்தது. அடுத்த சில நிமிடங்களில் முழுச் சுற்று. பேத்தி கைதட்டினாள்.

இந்த மாடலில் வட்டமான பாபின் கேஸ் கிடையாது. ஒரு முனை கூர்மையாகத் தோணி போல நீண்ட ஷட்டில், அதற்குள் அடிநூல் சுற்றிய, கம்பி போல மெலிந்த பாபின். ஷட்டில் அடியில் வளைந்து ஊசலாடி, ஊசி நூலின் கண்ணிக்குள் நுழைந்து வரும். இது தொலைந்துவிட்டால் மாற்றுக் கிடைப்பது பெரும்பாடு. அந்த அம்மா பிஸ்கட் டின்னில் துணியில் சுற்றி வைத்திருந்தார், நான்கு பாபின்களோடு. அந்த டின்னைப் பார்த்ததும் அவரைக் கும்பிடத் தோன்றியது.

கைப்பிடிப் பக்கம் தங்கப் பூவேலை தேய்ந்து போயிருந்தது. புது ஸ்டிக்கர் ஒட்டலாமே என்றான் பேரன். வேண்டாம் என்றேன். அவன் உம்மாவும் பாட்டியும் கை வைத்துத் தைத்துத் தேய்ந்த இடம் அது. மெஷின் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்தேன், அவ்வளவுதான். ஸ்பிரிட் பட்டால் மேல்பூச்சு கரைந்து மிச்சப் பூவும் போய்விடும்.

புது ஊசி மாட்டி, துண்டுத் துணி கொடுத்தேன். அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தைத்துத் திருப்பிப் பார்த்தார். "அடியில நூல் தொளதொளன்னு நிக்குதே தம்பி." சரியான கண். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் வில்லைகளுக்கு நடுவே பழைய நூல் தூசி அடைத்திருந்தது. எடுத்துவிட்டுத் திருகை அரைச் சுற்று இறுக்கினேன். அடுத்த தையல் இரண்டு பக்கமும் ஒன்றாக விழுந்தது. மாலைக்குள் ஒரு தலையணை உறை தயார்.

கடலோரத்தில் உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கும். பருத்தித் துணி போதும். மாதம் ஒருமுறை எல்லாத் துளையிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, சும்மாவாவது பத்துச் சுற்று சுற்றுங்கள். ஷட்டிலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.