பார்த்துப் போடுங்க

முதலில் நான்கு என்றுதான் போட்டேன். அப்புறம் அதை அடித்து இரண்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். ஐந்து மதிப்பெண் கேள்வி. விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ திருத்தம் நடக்கும். மூன்று வருடம் ஆகியும் இந்த ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ராஜராஜ சோழனின் அண்ணனான இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிக் குறிப்பு வரைக என்பது கேள்வி. விடைக்குறிப்பில் உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற மூன்று பெயர்கள், பாண்டிய மன்னன் வீரபாண்டியனை ஆதித்தன் கொன்றதற்குப் பழிவாங்கல் என்ற காரணம் இவ்வளவும் இருந்தன. அந்தத் தாளில் கல்வெட்டின் பெயர் இருந்தது. கொலையாளிகளில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஒன்றரைப் பக்க விடையின் நடுவில் இப்படி ஒரு வரி: 'இந்தக் கல்வெட்டு கொலையைச் சொல்வதற்காக வெட்டப்பட்டது அல்ல, நிலம் விற்றதைச் சொல்வதற்காக வெட்டப்பட்டது.'

பத்தொன்பது வருடம் சோழர் வரலாறு நடத்தியிருக்கிறேன். அந்த வரியை நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிற அந்தக் கல்வெட்டை முதல்முறை முழுதாகப் படித்தபோது நானும் திகைத்துத்தான் போனேன். 'கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' என்று வரும் இடத்தில் எல்லோரும் நின்றுவிடுகிறோம். ஆனால் அதற்கப்புறம் உறவுகளின் பட்டியல் நீள்கிறது. அவர்களுடைய தம்பிமார், மக்கள், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று ஒரு குடும்பத்தின் கிளைகள் எல்லாம் சொத்தை இழக்கின்றன. அரசன் ஆணையை வீரநாராயண சதுர்வேதிமங்கலம் என்ற பிராமண ஊரின் சபை நிறைவேற்றுகிறது; அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கித் தர்மத்துக்கு விடுகிறார். எப்படிக் கொன்றார்கள், எங்கே கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று ஒரு சொல் கிடையாது. சபைக்கு அது தேவைப்படவில்லை. நிலத்தின் மேல் வில்லங்கம் இல்லை என்பதுதான் தேவை.

தலைமைத் தேர்வாளர் என்னைவிட மூத்தவர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். நான் திருத்திய கட்டில் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அந்தத் தாளில் நின்றார்.

"சார், இதுல பேரே வரலையே."

"வரலை மேடம். ஆனா கல்வெட்டைப் புரிஞ்சு எழுதின மாதிரி இருக்கு."

"நல்லாத்தான் எழுதியிருக்கு. இதுக்கு நாலு போட்டா, மூணு பேரையும் சரியா எழுதினவங்களுக்கு என்ன போடுவீங்க? பார்த்துப் போடுங்க."

அவ்வளவுதான். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

'பார்த்துப் போடுங்க' என்பதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். குறைத்துப் போடுங்கள் என்றாரா? உங்கள் பொறுப்பு என்றாரா? 'நல்லாத்தான் எழுதியிருக்கு' என்றும் சொன்னாரே. அவர் திரும்பி வந்து பார்க்கவில்லை. நான்கை அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த மாணவரின் முகம் எனக்குத் தெரியாது, பெயருக்குப் பதிலாகத் தாளில் இருக்கும் டம்மி எண் மட்டும்தான். பெயர்கள் மறந்துபோனதால்கூட அப்படிச் சுற்றி வளைத்து எழுதியிருக்கலாம். பெயர்களை மனப்பாடம் செய்து எழுதிய மற்றவர்களுக்கும் நான் நியாயம் செய்ய வேண்டும். விடைக்குறிப்பு என்பது ஆளுக்கொரு மாதிரி திருத்தக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் நான் நம்புகிறேன். ஆனால் பேனாவை எடுத்தபோது இதில் ஒன்றையும் நான் நினைக்கவில்லை. மேடம் பார்த்துவிட்டார் என்பதை மட்டுமே நினைத்தேன்.

அந்த விடைக்குறிப்பும் அப்படி ஒன்றும் உறுதியானது இல்லை. பழிவாங்கல் என்ற காரணம் கல்வெட்டில் இல்லை, நாம் ஊகித்தது. ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரம்மாதிராஜன்' என்ற பட்டம் இருப்பதால் பாண்டியத் தொடர்பு என்கிறோம்; பஞ்சவன் என்றால் பாண்டியன். பரமேசுவரனுக்கு இருந்த பட்டமோ 'இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்'. ஒரே வீட்டில் ஒருவர் பெயரில் பாண்டியன், இன்னொருவர் பெயரில் சோழன். அரச பதவியில் இருந்தவர்கள் என்பது வரைக்கும்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

காலக் கணக்கு அதைவிடச் சிக்கல். கொலை நடந்தது 969 வாக்கில். கல்வெட்டில் இருப்பது ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 987 வாக்கில். இடையில், ஆதித்தன் இல்லாததால் அரியணை கிடைத்த உத்தம சோழன் சுமார் 15 ஆண்டு ஆண்டிருக்கிறான். அத்தனை காலம் ஏன் தண்டனை இல்லை என்று கேட்டு, வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். உத்தமன் குற்றவாளி என்றால் அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை ராஜராஜன் தன் ஆட்சியில் கோயில் பணிகளைக் கவனிக்கும் உயர் அதிகாரியாக வைத்திருப்பானா என்ற கேள்வி அந்தச் சந்தேகத்துக்கு எதிரே நிற்கிறது. பறிமுதல் முன்பே தொடங்கிவிட்டது, விற்பனை மட்டும்தான் அந்த ஆண்டில் என்று வாதிடுபவர்களும் உண்டு. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பார்த்தால், ஆதித்தன் விண்ணுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்று இருக்கிறது. கொலை என்ற சொல்லே இல்லை. சொந்தப் பெரியப்பாவின் கொலையை ராஜேந்திரனின் செப்பேடு ஏன் அப்படிக் கடந்து போக வேண்டும்? இந்த ஒரு வரியில் மட்டும் நான் பல ராத்திரிகள் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு உத்தம சோழன் மேல் சந்தேகம் இல்லை. லாபம் அடைந்தவன்தான் செய்தான் என்பது போதாது. ஆனால் இதைச் சொல்லும்போதே, யாரும் வாய்விட்டு ஆணையிடாமலும் ஒரு காரியம் நடந்துவிடும் என்பது எனக்குத் தெரியும் என்ற நினைப்பும் கூடவே வருகிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கொலையையும் இரண்டு மதிப்பெண்ணையும் ஒன்றாக வைப்பது சரியில்லைதான். மேடத்தை உத்தம சோழன் இடத்தில் வைப்பது அதைவிடப் பெரிய தவறு. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும்? நான்கு அடிக்கப்பட்டு இரண்டு ஆகியிருக்கிறது. பக்கத்தில் என் சுருக்கொப்பம். மேசையருகில் நடந்த பேச்சு அதில் இல்லை. குறைத்தது நான்தான் என்று முடிவு செய்வார்கள். அது உண்மையும்கூட.

மொத்தம் கூட்டியபோது தேர்ச்சிக்கு மேல் தாராளமாக இருந்தது. அப்போது பெரிய நிம்மதி. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் உடையார்குடிப் பாடத்தை மாற்றி நடத்தினேன். முழு வாசகத்தையும் பலகையில் எழுதி, இது எதற்காக வெட்டப்பட்டது என்று கேட்டேன். வகுப்பு நன்றாகப் போனது. முடியும் நேரத்தில் முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சார், பரீட்சையில கேட்டா எதை எழுதறது?" என்றாள்.

மூன்று பெயரையும் முதலில் எழுதிவிடு, மற்றதை அப்புறம் எழுது என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். மற்றவர்களும் குறித்துக்கொண்டார்கள்.