வாயில் கம்பி இருக்கிறது என்பவரின் பல்லை உடனே தொடாதீர்கள்

"ஈறுக்குள்ளிருந்து கம்பி நீளுது." "எச்சில் பசை மாதிரி ஊறிக்கிட்டே இருக்கு." "கேப் போட்டதிலிருந்து கடியே சேரலை." பல் மருத்துவரிடம் இப்படிச் சொல்லி வருவார்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எக்ஸ்ரே எடுத்தாலும் எதுவும் தெரியாது. உடல் காரணம் இல்லாமல் வாயில் வரும் இந்த விசித்திர உணர்வுக்கு ஓரல் செனஸ்தோபதி என்று பெயர். சிலர் துப்பியதை டிஷ்யூ தாளில் மடித்து எடுத்துவந்து பிரித்துக் காட்டுவார்கள். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் அவர் அடுத்த கிளினிக்குக்குப் போவார். அங்கே ஒரு பல்லை இழப்பார்.

மனக்காரணம் என்ற முடிவுக்கு வருமுன் உடல் காரணங்களைப் பல் மருத்துவர்களான நாங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுவோம். பூஞ்சைத் தொற்று, விரிசல் விட்ட பல், பல் செட்டின் கூர் விளிம்பு ஆகியவற்றைத் தேடுவோம். ரத்தத்தில் சர்க்கரை, இரும்பு, பி12, ஃபோலேட், தைராய்டு பார்ப்போம். சாப்பிடும் மாத்திரைப் பட்டியலைக் கட்டாயம் வாங்குவோம். சில ரத்த அழுத்த மாத்திரைகள் வாய் எரிச்சல் தரும், சில மனநல மாத்திரைகள் வாயை வறளவைக்கும். எச்சிலையும் அளப்போம். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், தலை குனிந்து, 5 நிமிடம் கோப்பையில் வழியவிட வேண்டும். நிமிடத்துக்கு 0.1 மில்லிக்குக் கீழே போனால் உண்மையான வறட்சி. அளவு சரியாக இருந்தும் பிசுபிசுப்பு போகவில்லை என்றால்தான் ஓரல் செனஸ்தோபதியை யோசிக்கிறோம்.

அதிகம் சறுக்குவது கடிப் புகாரில். கடி சரியாக இருந்தும் சேரவில்லை என்றே தோன்றும். பல் மருத்துவர் மார்பாக் 1976-ல் 'ஃபேன்டம் பைட்' என்று பெயரிட்டது இதைத்தான். சாதாரணப் பற்களே சுமார் 20 மைக்ரான் தடிமனை உணரும். இவர்களின் கவனமோ நாள் முழுக்க அங்கேயே நிற்கும். 8 மைக்ரான் உலோகத் தாளைக் கடிக்கச் சொல்லி இழுத்துப் பாருங்கள். இருபுறமும் ஒரே இறுக்கமாகப் பிடித்தால் கடி சரி. அதன்பிறகும் "கொஞ்சம் ராவிவிடுங்க" என்று கெஞ்சுவார். ராவினால் இரண்டு நாள் நிம்மதி. பிறகு அடுத்த பல் உயரமாகிவிடும். எனாமல் திரும்ப வளராது. ரூட் கெனால், பிடுங்குவது, புது செட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

எதைச் சொல்வது என்பதில்தான் எங்களுக்கு அதிக நேரம் போகிறது. "நீங்கள் உணர்வது பொய்யில்லை. பல் சரியாக இருக்கிறது, அங்கிருந்து வரும் செய்தியை மூளை பெரிதாக்கிக் கேட்கிறது" என்போம். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வதும் அதே மூச்சில் வர வேண்டும். கடைசிச் சீட்டாக நீட்டினால் கைகழுவிவிட்டதாக நினைப்பார். அடுத்த முறை எங்களிடம் வரும் தேதியையும் அப்போதே எழுதிக்கொடுப்போம். தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அன்றே அனுப்ப வேண்டும்.

மருந்தை மனநல மருத்துவர் முடிவுசெய்வார். பெரும்பாலும் மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கும். அதுவே வாயை வறளவைக்கும் என்று முன்பே சொல்லிவைக்காவிட்டால் நோயாளி மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார். கூடவே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் உதவும். நாவை வைத்துத் துழாவுவதையும் கண்ணாடியில் பார்ப்பதையும் குறைக்க அது பழக்கும்.

மறுமுறை வரும்போது "போயிடுச்சா?" என்று கேட்காதீர்கள். "நேற்று எத்தனை மணி நேரம் அதை மறந்திருந்தீர்கள்?" என்று கேட்டுக் குறித்துவையுங்கள். ஒரு பக்கக் கீழுதடோ தாடையோ மரத்துப்போகிறது என்று புதிதாகச் சொன்னால் பழைய முடிவை ஒதுக்கிவைத்து, பரிசோதனையை முதலிலிருந்து தொடங்கி ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.