எட்டு கிலோ நாய்க்கு எவ்வளவு மருந்து?

மகளின் வீட்டுப்பாடத்துக்கு நான் பக்கத்தில் உட்காருவதில்லை. சந்தேகம் என்று வந்து கேட்டால் சொல்வேன், அவ்வளவுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளையை இப்படி விடலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். நான் விட்டுவிடவில்லை. என் நேரத்தை வேறு இடத்தில் செலவழிக்கிறேன்.

நான்சி ஹில், டயானா டைசன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோர் வீட்டுப்பாடத்தில் உதவுவதால் மதிப்பெண் கூடுகிறது என்று அதில் தெரியவில்லை. (தடுமாறும் பிள்ளைக்குத்தான் நாம் அதிகம் உதவுகிறோம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.) படிப்பு எதற்கு, அது எங்கே கொண்டுபோய் விடும், பிள்ளையின் ஆசை என்ன என்றெல்லாம் வீட்டில் பேசுவதற்குத்தான் மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்பு இருந்தது.

என் மகளுக்குக் கால்நடை மருத்துவர் ஆக ஆசை. ஆசையை வாயால் மெச்சிக்கொண்டிருப்பதைவிட, அந்த வேலையைக் கண்ணால் காட்டிவிடலாம் என்று தோன்றியது. ஒரு டாக்டரிடம் அனுமதி கேட்டு, காலையில் அவருடைய கிளினிக்கில் ஓரமாக உட்கார வைத்தேன். முதலில் வந்தது காதில் சீழ் பிடித்த ஒரு நாய். நாற்றம் அறையை நிறைத்தது. இவளோ டாக்டர் காது மடலைத் திருப்பிப் பிடித்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் நாயை எடை மேடையில் ஏற்றினார். எட்டு கிலோ. ஒரு தாளில் ஏதோ பெருக்கிப் பார்த்துவிட்டு ஊசியில் மருந்தை ஏற்றினார்.

திரும்பும் வழியில் கேட்டாள்: "அப்பா, கிலோவுக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டுத்தான் மருந்து குடுப்பாங்களா? அப்போ இந்த விகிதக் கணக்கு தினம் வருமா?"

"தினம் வரும்மா. தப்பாப் போட்டா நாய்க்கு ஆபத்து."

அன்றிலிருந்து அந்தப் பாடத்தைப் படி என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் செய்கிறேன். அவள் நம்பிக்கையில் யாரும் கை வைக்க விடுவதில்லை. அறிவியலில் மதிப்பெண் குறைந்தபோது உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அவள் எதிரிலேயே, "இந்த மார்க்குக்கு டாக்டரா?" என்றார். "பெரியம்மா, அவ காதுபட இப்படிச் சொல்லாதீங்க" என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். இருந்தாலும் சொல்ல வேண்டிய பேச்சு அது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் எந்தத் தொழிலை விரும்புகிறார்கள் என்பதில் வாங்கிய மதிப்பெண்ணைவிட 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கே பெரிய பங்கு இருந்தது. பிள்ளைமேல் பெற்றோர் வைக்கும் எதிர்பார்ப்பும் அந்த எண்ணத்தை வளர்க்கிறது.

அதற்காக மதிப்பெண்ணைக் கண்டுகொள்ளாமலும் விடவில்லை. விடைத்தாளை இருவரும் விரித்து வைத்துப் பார்த்தோம். இதயத்தின் படம் சரி, பாகங்களின் பெயரும் சரி; கோடுகள்தான் இடம் மாறியிருந்தன. "பேரு தெரியும்ப்பா, எது எங்க இருக்குன்னுதான் குழம்புது" என்று அவளே கண்டுபிடித்தாள். எதைப் படிக்க வேண்டும் என்பது அதோடு தெளிவாகிவிட்டது.

இப்போது கடல்வாழ் உயிர்கள் மேல் ஆர்வம் திரும்பியிருக்கிறது. ஆமைக்கும் டால்பினுக்கும் வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதும் கண் விரிந்துவிட்டது. அப்படி ஒருவரோடு அவளைப் பேச வைக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.