இரண்டு கொடை, இரண்டு கேமரா: இதுவரை செய்தது

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையை, அதாவது கோயில் திருவிழாவை, வீட்டில் இரண்டு முறை படம் பிடித்திருக்கிறோம். 2005இல் மாமா எடுத்தது மினி டிவி (MiniDV) என்ற சின்ன வீடியோ கேசட்டில். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், ஒரு மணி நேரம் ஓடும். அப்படி நான்கு கேசட். 2013இல் நான் எடுத்தது எச்டி கேம்கார்டரில். அம்மாவைப் பெற்ற ஆச்சி இருப்பது முதலாவதில் மட்டும். இரண்டையும் சேர்த்து நாற்பது நிமிடப் படமாக்க வேண்டும் என்று உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது.

கேசட்டுகளை, கேமராவை நேராக இணைக்கும் ஃபயர்வயர் கார்டு உள்ள ஒரு பழைய கணினியில் இறக்கினேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போட்டும் எடுக்கலாம்தான். ஆனால் டிஜிட்டலாகப் பதிந்ததை அனலாக்காக்கி மறுபடி டிஜிட்டலாக்க எனக்கு மனம் வரவில்லை. ஃபயர்வயரில் டேப்பில் இருப்பது அப்படியே ஃபைலாக வந்துவிடும், மணிக்குச் சுமார் 13 ஜிபி. இரண்டாவது கேசட் முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிதறியது. கிளீனிங் டேப்பைப் பத்து விநாடி ஓடவிட்டேன், சரியாகிவிட்டது.

முதல் முயற்சியில் இரண்டையும் எடிட்டிங் மென்பொருளில் 1920×1080 டைம்லைனில் அப்படியே போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். “என்னடா, எங்க அம்மையை இப்படிக் குண்டாக்கி வச்சிருக்க?” என்றாள். பழைய சட்டகத்தின் அகல உயர விகிதம் 4:3, அதைத் திரை முழுக்க இழுத்துவிட்டிருந்தேன். கேசட்டில் இருப்பது 720×576, அதன் பிக்சல்களும் சதுரமானவை அல்ல. 4:3 என்று சரியாகக் குறித்தால் 1440 அகலத்தில் நின்று, இரு பக்கமும் 240 பிக்சல் காலியாகும். காலி இடத்தை நிரப்ப மேலும் கீழும் வெட்டினால் கால்வாசிப் படம் போய்விடும். வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர் போய்விடுவார். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் வைத்தும் பார்த்தேன், கண் அங்கேயே போகிறது. கறுப்பாகவே விட்டுவிட்டேன்.

என்னை அதிகம் படுத்தியது வில்லுப்பாட்டுதான். அண்ணாவி, அதாவது பாட்டை நடத்துபவர், வில்லைத் தட்டும் வீசுகோலை வீசும்போதெல்லாம் கோலின் ஓரம் சீப்புப் பல் மாதிரிப் பிளந்து தெரிந்தது. இரண்டு கேமராவுமே இன்டர்லேஸ் முறையில் எடுப்பவை. விநாடிக்கு 25 சட்டகம் என்று சொன்னாலும், உள்ளே இருப்பது 50 அரைப் படங்கள். ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அடுத்த கணம். இதில் எந்த வரி முதலில் என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். டேப்பில் கீழ் வரி முதல், என் எச்டி ஃபைலில் மேல் வரி முதல். மென்பொருள் இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டதால், கேசட் காட்சியில் கோல் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போனது.

அந்த 50ஐ விநாடிக்கு 25 முழுப் படமாகக் குறைத்தபோது சீப்புப் பல் மறைந்தது, வீச்சும் மறைந்தது. கோல் வெட்டி வெட்டி நகர்ந்தது. பிறகு கியூடிஜிஎம்சி (QTGMC) என்ற ஸ்கிரிப்டில் ஒவ்வொரு அரைப் படத்தையும் முழுச் சட்டகமாக்கி, இரண்டையும் விநாடிக்கு 50 ஆக்கினேன். ஒரு கேசட்டுக்கு ஓர் இரவு முழுக்கக் கணினி ஓடியது. காலையில் போட்டுப் பார்த்தபோது 2005இன் கோலும் 2013இன் கோலும் ஒரே ஓட்டத்தில் வீசின. தெளிவு வேறுதான், ஆனால் கண் இடறவில்லை. தெளிவைவிட அசைவு ஒத்துப்போவதுதான் முக்கியம் என்று அப்போது பட்டது.

அதற்காகத் தெளிவை விட்டுவிடவில்லை. பழைய சட்டகத்தில் நாலு லட்சம் பிக்சல், புதியதில் இருபது லட்சம். செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கும் மென்பொருள் ஒன்றில் ஆச்சியின் முகத்தைக் கொடுத்தேன். தோல் மெழுகாகி, காதில் தொங்கிய பாம்படம் வேறு ஏதோ நகையாக மாறியிருந்தது. அது ஆச்சி இல்லை. அழித்துவிட்டேன். எச்டி காட்சியைக் கொஞ்சம் மங்கலாக்கிப் பழையதோடு பொருத்தியும் பார்த்தேன், அது நல்ல படத்தைக் கெடுப்பதுதான்.

எந்தக் காட்சியை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் வழி கிடைத்தது. கேசட்டில் தூரக் காட்சி தாங்காது. வேப்பமர இலையெல்லாம் பச்சைக் குழம்பு, கூட்டத்தில் முகமே தெரியாது. ஆனால் ஒரு முகம் சட்டகத்தை நிறைத்தால் அந்த 576 வரி போதும். அதனால் பந்தல், கூட்டம், சீரியல் செட் எல்லாம் 2013இலிருந்து, முகங்கள் 2005இலிருந்து. எச்டி தூரக் காட்சியிலிருந்து நேராகக் கேசட் முகத்துக்கு வெட்டினால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

நிறத்தில் ஒரு சின்னப் பிழை. அம்மனின் செவ்வரளி மாலை கேசட் காட்சியில் ஆரஞ்சாகத் தெரிந்தது. பழைய வீடியோ நிறத்தைக் கணக்கிடுவது 601 என்ற தரத்தில், எச்டி கணக்கிடுவது 709 என்ற தரத்தில். பெரிதாக்கும்போது மாற்றச் சொல்லாமல் விட்டிருந்தேன். மாற்றியதும் சிவப்பு திரும்பியது. ஒலியும் அப்படித்தான்: மாமா 12 பிட்டில் வைத்து எடுத்திருக்கிறார், அது 32 கிலோஹெர்ட்ஸ். முதலிலேயே 48 ஆக்கிக்கொண்டேன்.

இப்போது பதினெட்டு நிமிடம் முடிந்திருக்கிறது. அடுத்தது நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடை. மூன்றாவது கேசட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த பகுதி முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. பெரிதாக்குவதற்கு முன்பே அந்தப் புள்ளிகளை லேசாகக் குறைத்துப் பார்க்கப் போகிறேன். ஆச்சி குலவையிடும் இடம் அதில்தான் வருகிறது.