நெல்லைக் குளத்து வாத்துகள்: பெட்டையிலிருந்து படிக்கத் தொடங்கினேன்

காட்டு வாத்துகளைப் பார்த்ததும் பேர் சொல்லிவிட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இந்த வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அதில் முழுமூச்சாக இறங்கினேன். இடம் கூந்தன்குளம், விஜயநாராயணம் பெரிய குளம், டவுன் பக்கத்தில் நயினார்குளம். கையில் 8×42 பைனாகுலர், கோடு போடாத நோட்டு, பென்சில். கேமரா வேண்டாம் என்று முடிவெடுத்தேன். படம் எடுக்கப் போனால் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

முதலில் ஆண் வாத்துகளைப் படி, நிறம் பளிச்சென்று இருக்கும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் பெட்டைகளிலிருந்து தொடங்கினேன். காரணம் இருக்கிறது. குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் வடக்கே ஆண் வாத்துகளுக்குச் சிறகிறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்ந்துவிடும். சில வாரம் பறக்கவே முடியாது. அந்த நேரத்தில் எதிரி கண்ணில் படாமலிருக்கப் பெட்டையைப் போலவே பழுப்பு உடுப்புக்கு மாறிவிடும். நம் குளத்துக்கு வந்து சேரும்போது பல ஆண்கள் அந்த உடுப்பிலேயே இருக்கும். தை பிறக்கும் சமயத்தில்தான் முழு நிறமும் வருகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகைக் கூட்டத்தில் பழுப்பைப் படிக்காமல் ஒரு வேலையும் நடக்காது.

எளிதானவை சீக்கிரம் முடிந்தன. புள்ளிமூக்கு வாத்து இந்த ஊர்க்காரன், வருஷம் முழுக்க இருக்கும். கறுப்பு மூக்கின் நுனியில் மஞ்சள், உட்கார்ந்திருக்கும்போது முதுகோரம் ஒரு வெள்ளைத் துண்டு. அந்த வெள்ளை மறுகரையிலிருந்தே தெரியும். சீழ்க்கைச் சிறகியைக் காதாலேயே பிடித்துவிடலாம். குள்ளத்தாரா தாமரை இலைகளுக்கு நடுவே ஒளிந்து திரியும் சின்ன உருவம்; மரப்பொந்தில் முட்டையிடும் வாத்து அது. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கறுப்பாக மிதக்கும் நாமக்கோழி வாத்தே இல்லை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தட்டைவாயனுக்கு மூக்கே போதும், ஆணானாலும் பெட்டையானாலும். அகப்பை மாதிரி நுனி விரிந்த மூக்கு. அதன் ஓரத்தில் சீப்புப் பல் போல 110 வரை மெல்லிய தகடுகள் உண்டு. தண்ணீரை உள்ளே இழுத்து அந்தத் தகடுகளில் வடிகட்டி, நுண்ணுயிர்களை மட்டும் வைத்துக்கொள்ளும். பல தட்டைவாயன்கள் சேர்ந்து ஒன்றன் வாலில் ஒன்றாக வட்டமடிப்பதை நயினார்குளத்தில் நெடுநேரம் பார்த்தேன். முன்னால் போவது காலால் கிளறிவிட, பின்னால் வருவது வடிகட்டுகிறது. பறவை நோக்கலில் இந்த மாதிரி ஒரு காட்சிக்காக எத்தனை காலையையும் கொடுக்கலாம்.

கஷ்டம் கிளுவைக்கும் நீலச்சிறகிக்கும் நடுவில்தான். இரண்டும் சிறிய வாத்து, இரண்டின் பெட்டையும் பழுப்பு. இதற்காகவே நோட்டில் தலைகளை மட்டும் வரைந்தேன். வரைய வரையத்தான் வித்தியாசம் கண்ணில் நின்றது. பெட்டை நீலச்சிறகியின் முகத்தில் கோடுகள் அதிகம்: கண்ணுக்கு மேலே வெளிர் புருவம், கண் வழியே கருங்கோடு, கன்னத்தில் இன்னொரு மங்கல் கோடு, மூக்கு தொடங்கும் இடத்தில் ஒரு வெளிர் பொட்டு. கிளுவைப் பெட்டைக்கு முகம் கிட்டத்தட்ட வெறுமை. அதற்கு வாலடியின் பக்கவாட்டில் ஒரு வெளிர் கீற்று. ஊசிவால் பெட்டைக்குக் கழுத்து நீளம், முகத்தில் கோடே கிடையாது. அது தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி மேயும்போது அந்தக் கூர்வால் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

வெளிச்சம் பாதி வேலையைச் செய்கிறது. காலையில் கிழக்குக் கரை, சாயங்காலம் மேற்குக் கரை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான்.

அன்னம் வருமா என்று வீட்டில் கேட்டார்கள். வராது. இந்தியாவுக்கே அது அபூர்வ விருந்தாளி, அதுவும் வடமேற்கில்தான். நமக்கு வாய்த்த பெரிய விருந்தாளி கூந்தன்குளத்து வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியாவிலும் திபெத்திலும் லடாக்கிலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வரும் இனம். 7,290 மீட்டர் உயரத்தில் இது பறந்தது பதிவாகியிருக்கிறது. அதன் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், காற்று மெலிந்த உயரத்திலும் ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும் அமைப்புடையது. அந்தப் பறவை மணிமுத்தாறு தண்ணீர் வந்து நிறையும் குளத்தில் நிற்பதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைந்துபோகிறது.

பகலில் அவை பெரும்பாலும் தூக்கம். மேய்வதை எங்கே பார்ப்பது என்று கரையில் மாடு பத்தி வந்தவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, வெளிச்சத்துல பாத்தா எப்படி? பொழுதடைய கூட்டமா கெளம்பி வயக்காட்டுக்குப் போயிரும். விடியத்தான் கொளத்துக்குத் திரும்பும்" என்றார். அவர் சொன்ன நேரத்துக்கே போய் நின்றேன், சொன்னபடியே கிளம்பின.

இந்தக் கூட்டத்தில் இன்னொரு வேலையும் சேர்த்துக்கொண்டேன். இளம் பறவைகளுக்குத் தலையில் பட்டை இருக்காது. நெற்றி முதல் பிடரி வரை மங்கலான கருமைதான். பெரியவற்றோடு ஒட்டி நிற்கும் பட்டையில்லாத தலைகளைத் தனியாகக் குறித்தால், அந்தக் கோடையில் வடக்கே குஞ்சுகள் எப்படித் தேறின என்று ஓரளவு தெரியும். எண்ணிக்கையோடு இதையும் குறித்து வைப்பது ரொம்பப் பயனுள்ளது என்பது என் எண்ணம். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது. பொங்கலையொட்டி அதில் சேர்ந்து எண்ண விரும்புபவர்கள் இப்போதே பழகத் தொடங்கலாம்.

இனிப் பாக்கி, பறக்கும்போது அடையாளம் சொல்வது. ஆண் நீலச்சிறகிக்கு இறக்கையின் முன்பகுதி வெளிர் நீலச்சாம்பல், அது பிரச்சினையில்லை. பெட்டைகளுக்குத்தான் இறக்கைக் கண்ணாடியின், அதாவது இறக்கையின் பின்பகுதியில் மினுங்கும் நிறப் பட்டையின், இரு ஓர வெள்ளைக் கோடுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கிளுவைக்கு முன்கோடு அகலம், நீலச்சிறகிக்குப் பின்கோடு அகலம். பங்குனியில் அவை வடக்கே கிளம்புவதற்குள் இதைக் கண்ணுக்குப் பழக்க வேண்டும்.