டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த ஒரே வரியால் பட்டபாடு

அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய். புதுச்சேரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, ஆறாம் நாள் கடலூருக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் சாப்பாட்டுக்கென்று ஒரே வரி: புரதம் அதிகமுள்ள உணவு. எது, எவ்வளவு, எத்தனை வேளை, ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரத்தில் நானும் கேட்கவில்லை. நீங்கள் கேட்காமல் வார்டை விட்டு இறங்காதீர்கள்.

மெடிக்கலில் போய், "ஆபரேஷன் ஆனவங்களுக்குப் புரோட்டீன் பவுடர்" என்றேன். சாக்லேட் சுவையில் ஒரு டின் வந்தது. மூன்று வேளையும் பாலில் கலக்கிக் கொடுத்தேன். பத்தாம் நாள் சுகர் 310. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்று நான் சொல்லவும் இல்லை, கடைக்காரர் கேட்கவும் இல்லை. அன்று ராத்திரிதான் டின்னைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போடுவார்கள். முதலில் சர்க்கரை, அடுத்து மால்டோடெக்ஸ்ட்ரின். அதுவும் சுகரை ஏற்றுகிற மாவுச்சத்துதான். சுகர் ஏறினால் தையல் ஆறத் தாமதமாகும். அழுகையே வந்துவிட்டது.

ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியிலேயே டயட்டீஷியனை, அதாவது உணவு ஆலோசகரைப் பார்க்கலாம் என்று பஸ் ஏறினோம். வழியெல்லாம் அம்மா ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்தபடி வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டு மணி நேரம் காத்திருந்து கவுன்டருக்குப் போனால், "இன்னைக்கு டயட்டீஷியன் இல்ல, வெள்ளிக்கிழமை வாங்க." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டுகளோடு நான் மட்டும் போனேன். டயட்டீஷியன் தங்கமான மனுஷி. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கே சொன்னார்: ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். அம்மாவின் 50 கிலோ எடைக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். மீதிக்கு மீன், தயிர், பயறு, பற்றாததற்கு மட்டும் சர்க்கரை சேர்க்காத பவுடர். மீன் வந்திறங்கும் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் டின்னைத் தேடி அலைந்திருக்கிறேன்.

அப்புறம் கேட்டார், "மாத்திரையெல்லாம் எப்பம்மா குடுக்கறீங்க?" இரும்பும் கால்சியமும் ஒன்றாக, காலை டிபன் முடிந்து டீயோடு என்றேன். கால்சியமும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். ஹீமோகுளோபின் 8.9-லேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார். இரும்பு மாத்திரையைப் பதினோரு மணிக்கு எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு, கால்சியத்தை ராத்திரிக்கு என்று மாற்றிக் கொடுத்தார். ஆறு வாரத்தில் 10.6.

சித்தி வாங்கி வந்த மூலிகை கேப்ஸ்யூலைப் பிரிக்கவே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போய்க்கொண்டிருந்த நேரம் அது; டாக்டரைக் கேட்காமல் எதையும் சேர்க்கக் கூடாது.

நேற்று பன்னிரண்டு மணி வாக்கில் டீயை நீட்டினேன். அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மாத்திரை போட்டு ஒரு மணி நேரம்தானே ஆச்சு, அப்புறம் குடு" என்றார்.